மாடிப்படிக்கு அடியில் துணி ட்ரையர்: குழாயை எங்கே விடுவது, காற்று எங்கிருந்து வரும்?

முடுக்குவீடு | பாளையங்கோட்டை | அக்டோபர் 28, இரவு 10.15

எல்லாருக்கும் வணக்கம். ஒரு வாரமா இதே யோசனையா இருக்கேன். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

எங்க வீடு வரிசை வீடு. ரெண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், பின்னால மூணடி முடுக்கு (சந்து). மொட்டை மாடி மேல்வீட்டுக்காரங்களுக்கு. அப்பா படுக்கையில விழுந்து எட்டு மாசம் ஆச்சு. ஒரு நாளைக்கு ரெண்டு விரிப்பு, மூணு சாரம் (கைலி), நாலஞ்சு துண்டு மாத்தணும். வெயில் இருந்த வரைக்கும் முடுக்குல கொடி கட்டிச் சமாளிச்சேன். ஐப்பசி மழை பிடிச்சதுல இருந்து ஒண்ணும் காயல. ஈரம் நிக்கிற விரிப்பை விரிச்சா முதுகுல புண் வந்துரும்னு பார்க்க வர்ற நர்ஸ் கண்டிச்சுச் சொல்லிட்டாங்க. மூணு நாளா ராத்திரி ஒரு மணி வரைக்கும் அயர்ன் பாக்ஸ் வச்சு விரிப்பைக் காய வைக்கேன்.

பெங்களூர்ல இருக்க தங்கச்சி அவ வீட்டுல இருந்த, துணி காய வைக்கிற பழைய ட்ரையரை லாரி சர்வீஸ்ல போட்டு விட்டுட்டா. 6 கிலோ, ஈரக்காத்தை வெளிய தள்ளுற வென்டட் வகை. முதுகுல 4 அங்குல வாய் இருக்கு. தகட்டுல 2200 வாட்ஸ்னு போட்டிருக்கு. அகலம் 60, ஆழம் 60, உயரம் 85 செ.மீ.

வைக்க இருக்கிற ஒரே இடம் மாடிப்படிக்கு அடியில. அகலம் 78 செ.மீ., ஆழம் 92. முன்னால பிளைவுட் கதவு. இடப்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை, பின்சுவருக்கு அந்தப் பக்கம் முடுக்கு. மாட்ட வந்த மெக்கானிக் "ஈரக்காத்துதானக்கா, படிக்கு அடியிலேயே விட்ருங்க, இல்லன்னா பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டையில சொருகிருவோம்"னாரு. எனக்கு மனசு ஒப்பல, அனுப்பிட்டேன். கதவைச் சாத்தி வச்சு ஓட்டலாமா? குழாய் இல்லாம ஓட்டலாமா?

வெயிலான் | நாங்குநேரி | அக்டோபர் 28, இரவு 10.50

தப்பா எடுத்துக்காதீங்கக்கா. நம்ம ஊரு மேற்குத்தொடர்ச்சி மலையோட மழைமறைவுல கிடக்கு. அடைமழை ரெண்டு மாசம்தான். அதுக்குப் போய் சுவரை உடைக்கணுமா? ஒரு ரூம்ல ரெண்டு ஃபேன் போட்டுக் கொடி கட்டினா ஓடிரும்.

முடுக்குவீடு | அக்டோபர் 28, இரவு 11.05

தம்பி, ரெண்டு ரூம்தான் வீடே. ஒண்ணுல அப்பா. இன்னொண்ணுல கொடி கட்டித்தான் போன மாசம் முழுக்க ஓட்டினோம். பிள்ளைக்கு மூச்சு இழுக்க ஆரம்பிச்சிட்டு. அதான் கேக்கேன்.

வெயிலான் | அக்டோபர் 28, இரவு 11.09

சரிக்கா, புரியுது. தெரிஞ்சவங்க சொல்லட்டும்.

தென்காசிச்சாரல் | தென்காசி | அக்டோபர் 29, காலை 6.30

அக்கா, குழாய் இல்லாம ஓட்டவே ஓட்டாதீங்க. நான் பட்டதைச் சொல்லுதேன்.

எங்க ஊர்ல ஆனி, ஆடி, ஆவணி மூணு மாசமும் சாரல். ஐப்பசி கார்த்திகையில திரும்ப மழை. அஞ்சு வருஷமா இதே வகை ட்ரையர்தான் வச்சிருக்கேன். முதல் வருஷம் சாமான் அறையில வச்சு, குழாயை அங்கனயே தொங்கவிட்டு ஓட்டினோம். ஒரு மாசத்துல சுவர் மூலை கறுத்துட்டு. அடுத்து பீரோவுக்குள்ள பூஞ்சணம். எங்க வீட்டம்மா கல்யாணப் பட்டுச் சேலையை எடுத்து விரிச்சா மடிப்பு மடிப்பா வெள்ளைப் புள்ளி. சேலைக்காரரு ஒண்ணும் செய்ய முடியாதுன்னுட்டாரு.

அன்னைக்குத்தான் தராசை எடுத்தேன். காஞ்ச துணி 5 கிலோ. வாஷிங் மெஷின்ல துவைச்சு நல்லாச் சுத்திப் பிழிஞ்சு எடுத்தா 7 கிலோ 800. ட்ரையர்ல இருந்து வரும்போது திரும்ப 5 கிலோ. நடுவுல போன 2 கிலோ 800 அவ்வளவும் தண்ணி. கிட்டத்தட்ட மூணு லிட்டர் தண்ணியை ஆவியாக்கி அந்தச் சின்ன அறைக்குள்ள விட்டிருக்கோம், அதுவும் தினமும். பக்கெட்ல தண்ணி ஊத்தி அதுல குழாயை விடுற டப்பா ஒண்ணு ஆன்லைன்ல விக்கிறாங்க. அது பஞ்சைக் கொஞ்சம் பிடிக்கும், ஈரத்தைப் பிடிக்காது. வாங்கிக் காசை விடாதீங்க.

உங்க ரெண்டாவது கேள்வி, கதவு. இதைத்தான் யாரும் நினைச்சுப் பாக்கிறதில்ல. ட்ரையர் ஒரு வாயில காத்தைத் தள்ளுதுன்னா அவ்வளவு காத்தையும் எங்கிருந்தாவது இழுத்தாகணும். கதவைச் சாத்திட்டா அது மூச்சு முட்டி நிக்கும். துணி காயாது, ஹீட்டர் கொதிக்கும், பாதுகாப்பு சுவிட்ச் விழும். குழாயைப் பத்தி எவ்வளவு யோசிக்கீங்களோ அதே அளவு கதவைப் பத்தியும் யோசிங்க.

குலவணிகர்புரம் சிவில் | அக்டோபர் 29, காலை 8.10

அளவுகளைப் பார்த்தேன். இயந்திரத்துக்கு இரண்டு பக்கமும் 9 செ.மீ., பின்னால் 32 செ.மீ. கிடைக்கிறது. அது தாராளம். பின்சுவர் முடுக்கைப் பார்த்திருப்பது உங்கள் அதிர்ஷ்டம். நேராக ஒரு துளை போட்டு வெளியே விடுங்கள். குளியலறை எக்ஸாஸ்ட் ஓட்டையில் சேர்ப்பது கூடவே கூடாது. ஃபேன் ஓடாத நேரத்தில் ட்ரையரின் ஈரமும் பஞ்சும் குளியலறைக்குள் திரும்பும். இரண்டும் ஒன்றாக ஓடினால் ஒன்றையொன்று தள்ளும்.

துளையை உளியும் சுத்தியலும் வைத்து உடைக்க விடாதீர்கள். ஏசி மாட்டுகிறவர்களிடம் கோர் கட்டர் (சுவரில் வட்டமாகத் துளை போடும் கருவி) இருக்கும். 5 அங்குலப் பல் போட்டால் கால் மணி நேர வேலை. சுவர் உறுதியும் கெடாது. படியைத் தாங்கும் பீமுக்கு அடியில், செங்கல் பகுதியில் போடச் சொல்லுங்கள். அந்தச் சுவரில் ஒயர் பைப் ஓடுகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். குழாய்க்கு 110 மி.மீ. பிவிசி பைப் போதும், எந்தக் கடையிலும் கிடைக்கும்.

பேட்டைத் தகரம் | பேட்டை | அக்டோபர் 29, காலை 9.45

சிவில் சார் சொன்ன மத்ததெல்லாம் சரி. பிவிசி மட்டும் வேண்டாம்னு சொல்லுதேன்.

நாங்க அப்பா காலத்துல இருந்து தகர வேலை. ட்ரையர் தள்ளுற காத்துல பஞ்சு இருக்கு. வடிகட்டி எவ்வளவு நல்லா இருந்தாலும் நைசா ஒரு தூசி தப்பி வரும். அது பொடிப் பஞ்சு, தீக்குச்சி காட்டினா பக்குன்னு பிடிக்கும். சூடான காத்து பிளாஸ்டிக்ல உரசி ஓடும்போது பஞ்சு ஒட்டிக்கிட்டே வரும். ஒரு பொறி உள்ள போனா பிவிசி உருகி நெருப்பை வெளிய விட்ரும். தகரக் குழாய்னா உள்ளுக்குள்ளயே கொஞ்ச நேரம் பிடிச்சு வைக்கும். அந்தக் கொஞ்ச நேரத்துல சுவிட்சை அணைச்சு ஆளு வெளிய வந்துரலாம்.

சமையலறை சிம்னிக்குப் போடுற சுருக்குக் குழாய், அந்த வெள்ளித்தாள் மாதிரி இருக்கே, அதையும் நீளமா இழுத்துப் போடாதீங்க. உள்ள மடிப்பு மடிப்பா இருக்கும். ஒவ்வொரு மடிப்பும் பஞ்சு தங்குற திண்ணை. அதோட நடுவுல தொய்யும். தொய்ஞ்ச இடத்துல ஆவி தண்ணியாகித் தேங்கும். பஞ்சும் தண்ணியும் சேர்ந்து மாவு பிசைஞ்ச மாதிரி அடைச்சிரும். போன வருஷம் ஒரு வீட்டுல கழட்டினேன், 4 அங்குலக் குழாய்ல என் சுண்டுவிரல் போற ஓட்டைதான் பாக்கி.

28 கேஜ் கனத்துல, துத்தநாகம் பூசின கால்வனைஸ்டு தகட்டுல 4 அங்குலத்துக்கு உருட்டித் தாரேன். உள்பக்கம் வழுவழுன்னு இருக்கும். ரெண்டு துண்டைச் சேர்க்கும்போது காத்து போற திசையில ஒண்ணு இன்னொண்ணுக்குள்ள நுழையணும். மாத்திச் சொருகினா விளிம்புல பஞ்சு மாட்டும். ஸ்குரூ போட்டு முடுக்கவே கூடாது. உள்ள நீட்டுற ஸ்குரூ முனையில பஞ்சு சுத்திக்கிட்டு கூடு கட்டும். கிளிப் போட்டு, மேல அலுமினியத் தாள் டேப் சுத்துங்க. சாதாரண செலோ டேப், துணி டேப் சூட்டுக்குக் கழண்டுரும்.

வெளிப்பக்கமா ஒரு விரல்கடை சரிவு குடுங்க. உள்ள நிக்கிற தண்ணி தானா வெளிய வடியும்.

குலவணிகர்புரம் சிவில் | அக்டோபர் 29, காலை 10.20

ஏற்றுக்கொள்கிறேன். கழிவுநீர்க் குழாய் நினைப்பில் சொல்லிவிட்டேன். அமெரிக்கக் குடியிருப்பு விதிகளிலும் உலோகக் குழாய்தான், 4 அங்குல விட்டம், அதிகபட்சம் 35 அடி, சாதாரண 90 டிகிரி வளைவு ஒன்றுக்கு 5 அடி கழித்துக்கொள்ள வேண்டும். இது பெரிய இயந்திரங்களுக்கான கணக்கு. நம் ஊருக்கு வரும் சின்ன இயந்திரங்களுக்குக் கையேட்டில் இன்னும் குறைவாகத்தான் சொல்லியிருப்பார்கள், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் மொத்தமே இரண்டடிதான் வரும். வளைவில்லாமல் முடித்தால் அதைவிட நல்லது இல்லை.

மேலப்பாளையம் ஒயரிங் | அக்டோபர் 29, பகல் 1.30

கரண்டு விஷயத்தை யாரும் தொடலையே.

2200 வாட்ஸை 230-ஆல வகுத்தா 9.6 ஆம்பியர். சின்ன பின் 6 ஆம்பியர் சாக்கெட்டுல கனெக்டர் போட்டு மாட்டிரலாம்னு நிறையப் பேர் நினைக்காங்க. கருகிரும். 16 ஆம்பியர் பெரிய சாக்கெட், போர்டுல இருந்து அதுக்குன்னே தனி லைன், 4 சதுர மி.மீ. செம்பு ஒயர், லோடு கூடினா தானா விழுற தனி எம்சிபி, கரண்டு கசிஞ்சா அணைக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. எர்த்து உண்மையிலேயே இருக்கான்னு அளந்து பாக்கச் சொல்லுங்க. பழைய வரிசை வீடுகள்ல மூணாவது ஓட்டை இருக்கும், பின்னால ஒயரே இருக்காது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். சாக்கெட்டை இயந்திரத்துக்குப் பின்னால வைக்காதீங்க. அவசரத்துக்குக் கை எட்டாது. கதவுக்கு வெளிய, இடுப்பு உயரத்துல வைங்க. முதல் நாள் அரைமணி நேரம் ஓடின பிறகு பிளக்கைத் தொட்டுப் பாருங்க. லேசா வெதுவெதுப்பு பரவாயில்ல. கை வைக்க முடியாத சூடுன்னா எங்கயோ லூஸ்.

இன்னொண்ணு. ட்ரையர்ல சூடு கூடினா அணைக்கிறதுக்கு ஒரு தெர்மோஸ்டாட் உண்டு. சிலதுல ஒரே தடவை அறுந்து போற ஃபியூஸும் உண்டு. அது விழுந்தா "பார்ட்ஸ் வர பத்து நாளாகும், இப்போதைக்கு டைரக்ட் குடுத்துருதேன்"னு சொல்லுவாங்க, அதாவது அந்தப் பாதுகாப்பு இல்லாம நேரா கரண்டு குடுக்கிறது. எனக்கு வந்த ஒரு வீட்டுல அப்படித்தான் யாரோ டைரக்ட் குடுத்துட்டுப் போயிருந்தாங்க. கவரைக் கழட்டினா ஹீட்டர் பக்கத்துல இருந்த பஞ்சு காப்பித்தூள் நிறத்துல கருகிக் கிடந்தது. அந்த வீட்டுல ரெண்டு சின்னப் பிள்ளைங்க. அந்த சுவிட்ச் விழுதுன்னா காத்து எங்கயோ அடைச்சிருக்குன்னு அர்த்தம். அடைப்பைத் தேடுங்க, சுவிட்சைக் கழட்டி எறியச் சொல்லாதீங்க.

முடுக்குவீடு | அக்டோபர் 29, இரவு 9.00

எல்லாருக்கும் கோடி நன்றி. ஒவ்வொண்ணா நோட்டுல எழுதி வச்சுக்கிட்டேன். மேலப்பாளையம் பாய், நீங்க எர்த்து பத்திச் சொன்னது ரொம்ப உபகாரம். நாளைக்கு ஆள் வரச் சொல்லியிருக்கேன்.

கதவுல எவ்வளவு ஓட்டை போடணும்? வெளிய குழாய் முனையில கொசு வலை கட்டலாமா? முடுக்குல அணில் நடமாட்டம் ஜாஸ்தி. எதிர்வீட்டு ஆச்சி அடுக்களை ஜன்னல் வேற நேர் எதிர்ல இருக்கு.

தென்காசிச்சாரல் | அக்டோபர் 29, இரவு 9.40

வலை கட்டாதீங்க. நான் கட்டினேன். பதினஞ்சு நாள்ல வலை கம்பளி விரிச்ச மாதிரி ஆகிட்டு. காத்து தள்ளும்போது திறந்து, நின்னதும் தானா விழுற மடிப்பு மூடி போடுங்க. அணில், பல்லி, குளவி மூணுக்கும் அது போதும். மேற்கே பார்த்த சுவர்ல மட்டும் வைக்காதீங்க. செங்கோட்டைக் கணவாய்க் காத்து ஆடியில அடிக்கிற அடிக்கு மூடி திறக்கவே திறக்காது, திறந்தா படபடன்னு அடிச்சுக்கிட்டே இருக்கும். எனக்கு அதை மாத்த இன்னொரு ஓட்டை போட வேண்டியதாப் போச்சு.

குலவணிகர்புரம் சிவில் | அக்டோபர் 29, இரவு 10.00

ஜன்னலில் இருந்து குறைந்தது மூன்றடி தள்ளி இருக்க வேண்டும். முடுக்கே மூன்றடிதான் என்பதால் நேர் எதிரில் வைக்காமல் பக்கவாட்டில் நகர்த்துங்கள். படியின் வலது ஓரத்தை ஒட்டித் துளை போட்டால் ஆச்சியின் ஜன்னலுக்கு நாலடி தள்ளிப் போகும். இயந்திரத்தையும் வலப்பக்கமாக நகர்த்திக்கொண்டால் குழாய் நேராகவே இருக்கும். கையேட்டில் சொன்ன இடைவெளி மட்டும் குறையக் கூடாது. ஆச்சியிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கதவுக்கு இப்படி யோசியுங்கள். 4 அங்குல வட்டத்தின் பரப்பு சுமார் 12.5 சதுர அங்குலம். காற்று அலறாமல், சிரமப்படாமல் உள்ளே வர அதைப் போல நான்கைந்து மடங்கு திறப்பாவது இருந்தால் நல்லது. சாய்வுப் பட்டை வைத்த ஜாலியில் (காற்றுவழிச் சட்டத்தில்) பாதிப் பரப்பு பட்டைக்கே போய்விடும். ஆகவே கீழே ஒரு அடிக்கு எட்டு அங்குலம், மேலேயும் அதே அளவு. பார்ப்பதற்குப் பெரிதாகத் தெரியும், ஆனால் அது தேவை. என்னைக் கேட்டால் கதவையே கழற்றிவிடலாம். திரைச்சீலை மட்டும் தொங்கவிடாதீர்கள்.

அம்பைச்செவிலி | அம்பாசமுத்திரம் | அக்டோபர் 30, காலை 5.50

இரவுப் பணி முடிந்து இப்போதுதான் பார்த்தேன். இங்கிலாந்தில் ஒன்பது ஆண்டுகள் செவிலியாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவள். அங்கே வீட்டுக்கு வீடு ட்ரையர். 2016 ஆகஸ்டில் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் 18 மாடிக் கட்டடம் ஒன்றில் பல தளங்கள் எரிந்தன. தீ தொடங்கியது ஒரு வீட்டு ட்ரையரில். அதன் பிறகு நான் தூங்கும்போதோ வெளியே போகும்போதோ ட்ரையரை ஓட்டியதில்லை. அங்குள்ள தீயணைப்புத் துறையும் அதைத்தான் சொல்கிறது. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரை எடுத்த கணக்கில் ஆண்டுக்கு சுமார் 2,900 வீட்டுத் தீ விபத்துகள் ட்ரையரால் நடந்திருக்கின்றன. சுத்தம் செய்யாமல் விட்டதே முதல் காரணம், 34 சதவீதம்.

இதை எழுத வந்த காரணம் வேறு. தங்கச்சி, அப்பாவுக்கு முதுகுக்கும் காலுக்கும் எண்ணெய் தடவுகிறீர்களா? படுக்கையில் இருப்பவர்களுக்கு நம் வீடுகளில் தடவுவது வழக்கம். நல்லெண்ணெய் ஊறிய துண்டு, விரிப்பு ட்ரையருக்குள் போகக் கூடாது. சாதாரணத் துவைப்பில் எண்ணெய் முழுக்கப் போகாது. மிச்சம் நிற்கும் எண்ணெய் சூட்டில் காற்றோடு சேர்ந்து தானே இன்னும் சூடாகும். சூடாக மடித்து அடுக்கினால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே ஏறிக்கொண்டு போகும். பல மணி நேரம் கழித்துக்கூடத் துணி தானாகக் கருகித் தீப்பிடிக்கும்.

இன்னொன்று, நம் ஊருக்கு இதுதான் முக்கியம். ட்ரையர் கடைசிப் பத்து நிமிடம் ஹீட்டரை அணைத்துவிட்டு வெறும் காற்றில் சுற்றும். துணியின் சூட்டை ஆற்றத்தான் அது. நடுவில் கரண்ட் போனால் துணி அப்படி ஆறாது. கொதிக்கும் துணி மூடிய டிரம்முக்குள் குவியலாகக் கிடக்கும். கரண்ட் போன உடனே கதவைத் திறந்து துணி முழுவதையும் வெளியே எடுத்து உதறி விரித்துவிடுங்கள். கரண்ட் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அருவிக்கரை | குற்றாலம் | அக்டோபர் 30, காலை 7.15

செவிலியக்கா சொன்னது நான் கண்ணால பாத்தது.

இங்க ஒரு தங்கும் விடுதியில சலவைப் பகுதியில வேலை பாத்தேன். சீசன்ல எண்ணெய் மசாஜ் பண்ணிட்டு அருவிக்குப் போறவங்க துண்டு தினமும் அம்பது அறுபது வரும். துவைச்சு, ட்ரையர்ல போட்டு, சூட்டோட சூடா மடிச்சு மூங்கில் கூடையில அடுக்கிட்டு ராத்திரி பத்து மணிக்குப் பூட்டிட்டுப் போனோம். காலையில கதவைத் திறந்தா எண்ணெய் முறுகின வாடை. மேல இருந்த துண்டு வெள்ளையாத்தான் இருந்தது. ஒவ்வொண்ணா எடுக்க எடுக்க, நடுவுல உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள், அதுக்குக் கீழ தவிட்டு நிறம், அதுக்குக் கீழ தொட்டா பொடிப்பொடியா உதிருது. அந்த அடுக்குல அப்பவும் சூடு இருந்தது. பக்கத்துல திரை, சோப்புத்தூள் மூட்டை, மேல மர உத்தரம். இன்னும் ரெண்டு மணி நேரம் போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு இப்பவும் நினைப்பேன். அன்னையில இருந்து எண்ணெய்த் துண்டு எல்லாம் கொடியிலதான். மழைன்னா தாழ்வாரத்துல.

முடுக்குவீடு | அக்டோபர் 30, காலை 8.00

படிக்கும்போதே கை நடுங்குது. தினமும் ராத்திரி நல்லெண்ணெய் தடவுதேன். அந்தத் துண்டைத்தான் முதல்ல போடணும்னு நினைச்சிருந்தேன். எண்ணெய்க்குன்னு ரெண்டு துண்டைத் தனியா சிவப்பு நூல் தைச்சு ஒதுக்கிட்டேன்.

முடுக்குவீடு | நவம்பர் 9, இரவு 9.30

வேலை முடிஞ்சிட்டு. நடந்ததைச் சொல்லுதேன், வேற யாருக்காவது உதவும்.

கோர் கட்டர் ஆள் வந்து வலது ஓரமா ஓட்டை போட்டாரு. பேட்டை அண்ணாச்சி குழாய், மடிப்பு மூடி ரெண்டும் செஞ்சு குடுத்தாங்க. இயந்திர வாயில இருந்து சுவர்க் குழாய் வரைக்கும் மட்டும் முக்காலடி கெட்டி அலுமினியக் குழாய். எர்த்து அளந்தாங்க. பாய் சொன்ன மாதிரியே ஓட்டை மட்டும்தான் இருந்தது, ஒயரே இல்ல. புது எர்த்து போட்டோம். கதவுல மேலயும் கீழயும் ஆசாரி ஜாலி வச்சாரு.

முதல் தடவை ஓட்டினப்போ துணி ரெண்டு மணி நேரமாகியும் காயல. ஃபோன்ல டார்ச்சைப் போட்டு, வீடியோ எடுக்கவிட்டு ஒரு குச்சியில கட்டிப் பின்னால நீட்டிப் பாத்தேன். உள்ள தள்ளும்போது அந்த முக்காலடிக் குழாய் நசுங்கி வாய் பாதியா மூடியிருந்தது. இழுத்துச் சரி பண்ணினதும் எழுபது நிமிஷத்துல காஞ்சிட்டு. இப்போ தரையில பெயின்ட்ல ஒரு கோடு போட்டிருக்கேன். முன்கால் ரெண்டும் அந்தக் கோட்டுக்கு உள்ள போகக் கூடாது.

ஒரு சந்தேகம். காத்து ஒழுங்கா வருதான்னு பாக்க ஊதுபத்தி கொளுத்திக் கதவு ஜாலிகிட்ட பிடிச்சேன். புகை நேரா உள்ள போச்சு, சந்தோஷமா இருந்தது. அப்படியே சும்மா குளியலறைக் கதவு இடுக்குலயும் பிடிச்சுப் பாத்தேன். அங்க புகை வெளிப்பக்கமா, ட்ரையர் இருக்கிற பக்கமா சாயுது. அதாவது குளியலறைக் காத்தையும் ட்ரையர் இழுக்குது. உள்ள கேஸ் கீசர் இருக்கு. இதுல தப்பு இருக்கா?

மேலப்பாளையம் ஒயரிங் | நவம்பர் 9, இரவு 9.42

அக்கா, இருக்கு. ட்ரையர் ஓடுற நேரத்துல கீசரைப் பத்த வைக்காதீங்க, இப்போதைக்கு இதை மட்டும் உடனே செய்ங்க. கேஸ் எரியுறப்போ காத்து பத்தலைன்னா கார்பன் மோனாக்சைடு வரும். வாடை கிடையாது, நிறம் கிடையாது, ஆளுக்குத் தெரியாமலே மயக்கும். கீசருக்கு வெளிப்புகைக் குழாய் இருந்தாக்கூட ட்ரையர் இழுக்கிற இழுப்புல புகை உள்ள திரும்பலாம். அப்பா படுத்திருக்க வீடு வேற.

அம்பைச்செவிலி | நவம்பர் 9, இரவு 10.05

பாய் சொன்னதை அப்படியே செய்யுங்கள் தங்கச்சி. படிக்குப் பக்கத்தில் ஏதாவது ஜன்னல் இருந்தால் ட்ரையர் ஓடும் நேரம் முழுக்கத் திறந்து வையுங்கள். பக்கத்தில் வழி இருந்தால் ட்ரையர் தூரத்தில் இருந்து காற்றை இழுக்காது. கீசரை வெளியே முடுக்குச் சுவருக்கு மாற்ற முடிந்தால் ட்ரையர் இல்லாவிட்டாலும் அது நல்லதுதான். ஒருவருக்கு மேல் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல் என்றால் உடனே அப்பாவோடு வெளியே வந்துவிடுங்கள்.

முடுக்குவீடு | நவம்பர் 12, மாலை 6.20

தார்சா (முன்கூடம்) ஜன்னலைத் திறந்து வச்சுட்டுத் திரும்ப ஊதுபத்தி பிடிச்சேன். குளியலறை இடுக்குல புகை இப்போ நேரா மேல போகுது, சாயல. கீசரைக் கழட்டி வெளிய மாட்ட சனிக்கிழமை ஆள் வருது. அதுவரைக்கும் அடுப்புலதான் வெந்நீர், அதுவும் ட்ரையர் ஓடாத நேரத்துல.

ஆச்சிகிட்ட சொன்னேன். "எங்க ஜன்னல் பக்கம் வராட்டா சரிதான், ஒங்கப்பா நல்லாருக்கட்டும்"னாங்க.

பேட்டைத் தகரம் | நவம்பர் 12, இரவு 8.00

நல்ல காரியம் செஞ்சீங்க. வடிகட்டியை ஒவ்வொரு தடவையும் எடுத்துக் கையால வழிச்சிருங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்னு விடாதீங்க. மாசம் ஒருக்க அந்த வடிகட்டியைக் குழாய்த் தண்ணியில அலசிக் காய வச்சு மாட்டுங்க. துணி மென்மைக்கு ஊத்துற திரவம் வலையில மெல்லிசா படலமா படியும், கண்ணுக்குத் தெரியாது. வலையில தண்ணி ஊத்தினா நிக்காம ஓடணும். நின்னா அடைச்சிருக்குன்னு அர்த்தம்.

முடுக்குவீடு | டிசம்பர் 14, காலை 11.00

ஒரு மாசம் ஓடிட்டு. தினமும் ஒரு தடவை, காலையில எட்டு மணிக்கு நான் அடுக்களையில நிக்கும்போதுதான் போடுதேன். மீட்டர்ல பாத்தேன், ஒரு தடவைக்கு மூணு யூனிட் பக்கம் ஆகுது. துண்டுகளைப் பிரிச்சுக் கொடியில போட்டுட்டு விரிப்பை மட்டும் போட்டா இன்னும் குறையும்.

ரெண்டு தடவை நடுவுல கரண்ட் போச்சு. ரெண்டு தடவையும் ஓடிப்போய் எடுத்து விரிச்சேன். ரெண்டாவது தடவை டிரம்முக்குள்ள கை வைக்க முடியாத சூடு. அப்பா முதுகு சுத்தமா இருக்கு, நர்ஸ் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னாங்க.

இன்னைக்குத்தான் குழாயைக் கழட்டிப் பாத்தேன். முக்காலடித் துண்டுல ஒரு கைப்பிடி பஞ்சு. சுவர்க் குழாய்ல விரலை விட்டுத் தேய்ச்சா சாம்பல் மாதிரி லேசா ஒட்டுச்சு, அவ்வளவுதான். மூடி கீழ்விளிம்புல மட்டும் ஈரத்தோட கொஞ்சம் படிஞ்சிருக்கு. ஒரு மாசத்துக்கு இது அதிகமா அண்ணாச்சி?

பேட்டைத் தகரம் | டிசம்பர் 14, பகல் 12.10

அளவுதான், பயப்பட வேண்டாம். புது விரிப்பு, புதுத் துண்டு முதல் சில தடவை பஞ்சு நிறைய விடும். மூடி விளிம்பை ஒரு பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால தேய்ச்சு, அது லேசா ஆடுதான்னு பாத்துக்கோங்க. தை பிறந்ததும் இன்னொரு தடவை கழட்டுங்க. அப்பவும் இதே அளவுன்னா பிறகு மூணு மாசத்துக்கு ஒருக்க போதும். குழாயைத் திரும்ப மாட்டும்போது அந்தத் தரைக் கோட்டைப் பாத்துத் தள்ளுங்க.